கெடு வருமுன்!

2019ஆம் ஆண்டுக் கோடைக்காலம். சென்னை மாநகருக்குக் குடிநீர் வழங்கும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்னும் நான்கு ஏரிகளும் வறண்டு, மண் வெடித்துக் கிடந்தன. தெருவுக்குத் தெரு குடங்கள் வரிசையில் நின்றன. குடங்களுக்குப் பின்னே, உறக்கம் இழந்த தாய்மார்கள் நின்றனர். அந்த நாளில், அரசின் அறநிலையத் துறையிலிருந்து கோயில்களுக்குச் சுற்றறிக்கை ஒன்று பறந்தது. மழை வேண்டி யாகம் நடத்துக. நந்தியின் கழுத்தளவுக்குத் தொட்டியிலே நீர் நிரப்புக. மழை தரும் இராகங்களை இசைத்திடுக! மனிதன் நாவை நனைக்க நீரில்லாத வேளையில், கல்லில் வடித்த காளைக்குக் கழுத்தளவு நீர்!

இதைக் கேட்டு நாம் நகைத்தோம். நகைக்கத்தான் வேண்டும். ஆனால், தோழர்களே, நகைத்ததோடு நம் கடமை முடிந்துவிட்டதா?

அதற்கு நான்காண்டுகளுக்கு முன்பு, 2015 டிசம்பரில், அதே மாநகரம் வெள்ளத்தில் மிதந்தது. வானம் வஞ்சித்துவிட்டது என்று 2019இல் கூறினோம். வானம் கொட்டிக் கெடுத்துவிட்டது என்று 2015இல் கூறினோம். இரண்டு முறையும் பழி வானத்தின்மீது! மழைக்கு மந்திரம் ஓதுவது மட்டுமா மூடநம்பிக்கை? பெய்தால் மறந்துவிடுவதும், பெய்யாவிட்டால் அலறுவதும், இடைப்பட்ட ஆண்டுகளில் ஏடெடுத்துக் கணக்குப் பார்க்காதிருப்பதும் அதே மூடநம்பிக்கையின் வேறு வடிவம்தான். யாக குண்டத்தின் எதிரே அமர்ந்திருப்பவர் புரோகிதர் மட்டுமல்லர். நாமும் சற்றுத் தள்ளி அமர்ந்திருக்கிறோம்.

சென்னையின் தாகம் சென்னையோடு முடியும் செய்தியன்று. 2004 முதல் அம்மாநகருக்குக் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து குழாய் வழியே நீர் வருகிறது. வீராணத்துக்கு நீர் வருவது கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து, வடவாற்றின் வழியாக. கொள்ளிடமோ காவிரியின் கிளை. ஆகவே குடகு மலையில் பிறந்த ஆற்றின் நீரைத்தான், மயிலாப்பூரிலும் வடசென்னையிலும் குடத்தில் பிடிக்கிறோம். தஞ்சைத் தரணியின் கடைசி வயலைக் கடைமடை என்போம். இன்று அந்தக் கடைமடை சென்னை வரை நீண்டுவிட்டது. எனவே, நீரை முன்கூட்டித் திட்டமிடுதல் என்றால் என்ன என்பதைக் கற்க விரும்பும் இளைஞன், காவிரியின் வரலாற்றைப் படித்திடல் வேண்டும். வெற்றிப் பெருமிதத்துக்காக அன்று. செய்த தவறு இன்னொரு முறை நேராதிருப்பதற்காக.

ஏரி வாரியத்தில் இல்லாதவர்

பழம்பெருமை பேசுவோர் முதலில் கல்லணையைக் காட்டுவர். கரிகாலன் கட்டியதாக வழங்கும் அந்த அணை பெருமைக்குரியதே. 1836இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டத் தொடங்கிய ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டன், ஆற்று மணலிலே அடித்தளம் அமைக்கும் கலையை இந்நாட்டுப் பழைய வேலைப்பாட்டைப் பார்த்தே கற்றோம் என்று ஒப்புக்கொண்டார். அன்று கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்து, நீரெல்லாம் அந்தப் பக்கமே பாய்ந்தது. காவிரியின் வாய் மணலால் மேடிட்டது. தஞ்சை வயல்கள் வாடின. கொள்ளிடத்தின் குறுக்கே தடுப்பணை கட்டி, நீரைக் காவிரிப் பக்கம் திருப்பினார் காட்டன். கம்பெனி ஆட்சியின் கண் நிலவரியின்மீது இருந்தது என்பது உண்மை. எனினும், காரணத்தைக் கண்டறிந்து, கணக்கிட்டு, கட்டினார்கள். யாகம் வளர்க்கவில்லை.

அடுத்து உத்திரமேரூரைக் காட்டுவர். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் அங்கே உள்ளன. ஏரியைக் காக்க ஏரி வாரியம், அதன் உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுப்பு, ஓராண்டே பதவி, கணக்குக் காட்டாதவனுக்கு மீண்டும் இடமில்லை. கேட்க இனிக்கிறது. ஆனால் அந்த வாரியத்திலே அமரத் தகுதி என்ன? வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கவேண்டும்; சொந்த மனையில் வீடு இருக்கவேண்டும்; வேதம் கற்றிருக்கவேண்டும். அது பிராமணர் சபை. ஏரியைத் தூர் வாரியவன், கரையில் மண் சுமந்தவள், மடையைத் திறந்தவன் ஆகியோரின் பெயர் எழுதிய ஓலை அந்தக் குடத்துக்குள் விழவேயில்லை.

குடிமராமத்து என்னும் சொல்லைக் கேட்டதும் உள்ளம் உருகுவோர் உளர். 1858இல் ஆங்கில ஆட்சி இதற்கென இயற்றிய சட்டத்தின் முறையான பெயரை அவர்கள் நோக்கட்டும். 'சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம்' என்பதே அது. கூடி உழைத்தல் நல்லது. ஆனால் யார் உழைப்பு, யார் விளைச்சல் என்ற வினாவை எழுப்பாமல் பழைமையைப் புகழ்வது பகுத்தறிவன்று. இந்த வினாவை மனத்தில் வைத்துக்கொண்டு, இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம்.

ஐம்பது ஆண்டுக் கணக்கு

1892 பிப்ரவரி 18ஆம் நாள் மைசூர் அரசும் சென்னை அரசும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. சென்னையின் இசைவின்றி, குறிப்பிட்ட ஆறுகளில் புதிய பாசன நீர்த்தேக்கங்களை மைசூர் கட்டலாகாது என்பது அதன் சாரம். மேலே இருப்பவன் கையைக் கட்டி, கீழே இருப்பவனுக்குக் காப்பு அளித்த ஏற்பாடு. ஆனால் மேலே இருப்பவனுக்கும் வயல் உண்டு, வயிறு உண்டு. விசுவேசுவரய்யா மைசூரின் தலைமைப் பொறியாளராக இருந்தபோது, 1911இல் கண்ணம்பாடி அணையின் பணி தொடங்கிற்று. சென்னை மறுத்தது. நடுவர் தீர்ப்பு 1914இல் வந்தது. அதையும் சென்னை ஏற்காமல் மேல்முறையிட்டது. பேச்சு நீண்டது. முடிவில், 1924 பிப்ரவரி 18ஆம் நாள், முந்தைய ஒப்பந்தம் கையெழுத்தான அதே நாளில், புதிய ஒப்பந்தம் பிறந்தது.

அதன்படி கண்ணம்பாடியில் 44.827 டி.எம்.சி. கொள்ளளவுடைய நீர்த்தேக்கத்தை மைசூர் கட்டிக்கொள்ளலாம், மேட்டூரில் 93.5 டி.எம்.சி. கொள்ளளவில் சென்னை கட்டிக்கொள்ளலாம். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது மேட்டூர் அணை. பழைய டெல்டாப் பாசனம் உறுதிப்பட்டது. 3 இலட்சம் ஏக்கர் புதிய பாசனத்துக்கும் வழி பிறந்தது. இவை சிறு செயல்களல்ல.

அந்த ஒப்பந்தத்திலே இன்னொரு விதியும் இருந்தது. 50 ஆண்டுகள் கழிந்தபின், குறிப்பிட்ட சில பிரிவுகளை மீண்டும் ஆராயலாம் என்பது அது. எழுதியவர்கள் அறிவுடையோர். ஆறு மாறும், மக்கள் தொகை பெருகும், தேவை வளரும். ஆகையால் திட்டம் என்றால் அதைத் திருத்துதற்கும் ஒரு நாள் குறித்தல் வேண்டும் என்று உணர்ந்திருந்தனர். ஆனால் இரண்டு குறைகளை விட்டுச் சென்றனர். பருவம் பொய்த்த ஆண்டில், பற்றாக்குறையை எந்த விகிதத்தில் இரு தரப்பும் தாங்குவது என்பதற்கு அளவு வகுக்கவில்லை. ஆற்றை நாள்தோறும் அளந்து, நடுநின்று நீர் பங்கிடும் நிலையான அமைப்பையும் ஏற்படுத்தவில்லை. நிறைந்த ஆண்டில் எந்த ஒப்பந்தமும் இனிக்கும். வறண்ட ஆண்டிலே தான் அதன் தரம் தெரியும்.

1974 வந்தது

இந்தியா விடுதலை பெற்றது. மொழிவழி மாநிலங்கள் அமைந்த 1956ஆம் ஆண்டிலேயே, நாடாளுமன்றம் ஆறுகளைப் பற்றி இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. ஒன்று, மாநிலங்களுக்கிடையே தகராறு எழுந்தபின் அதைத் தீர்ப்பதற்கான நடுவர் மன்றச் சட்டம். மற்றொன்று, தகராறு எழுமுன்பே கூடி அமர்ந்து, ஆற்றுப் படுகை முழுவதற்கும் திட்டம் தீட்டுவதற்கான ஆற்று வாரியச் சட்டம். முதல் சட்டத்தின்கீழ் எத்தனையோ மன்றங்கள் எழுந்தன. இரண்டாவது சட்டத்தின்கீழ் ஒரு வாரியமும் அமையவில்லை! சண்டைக்குப் பயன்பட்டது சட்டம்; திட்டத்துக்குப் பயன்படவில்லை. இந்த நாட்டின் நீர்க் கொள்கையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல வேறு சான்று வேண்டியதில்லை.

1974 வரப்போகிறது என்பது 1924 முதலே தெரியும். ஐம்பதாண்டு முன்னறிவிப்போடு வரும் விருந்தாளி வேறு யார்? அப்படியிருந்தும் இரு வீடுகளிலும் இலை போடவில்லை. கர்நாடகம் ஏமாவதி, கபினி, ஆரங்கி ஆறுகளில் அணை எழுப்பிக்கொண்டிருந்தது. நாமும் பாசனப் பரப்பைப் பெருக்கிக்கொண்டே சென்றோம். 1971இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பேச்சு வார்த்தையை நம்பி 1972இல் அதைத் திரும்பப் பெற்றது. அன்று ஆட்சியில் இருந்தது நம் இயக்கம் ஈன்ற கட்சிதான். இதைச் சொல்ல நாம் கூசவேண்டியதில்லை. தன் தவற்றைத் தானே எண்ணிப் பார்ப்பதும் தன்மானத்தின் பாற்பட்டதே.

கெடு முடிந்தது. ஒப்பந்தமே முடிந்தது என்றது கர்நாடகம். சில பிரிவுகளை மட்டுமே ஆராயலாம், ஒப்பந்தம் முடியவில்லை என்றது தமிழகம். 1976இல் ஒரு வரைவு உருவாகி, உறுதிபெறாமலே உதிர்ந்தது. 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது. 1991இல் இடைக்காலத் தீர்ப்பு: மேட்டூருக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. அந்த ஆண்டின் இறுதியில் பெங்களூரில் தமிழர் தாக்கப்பட்டனர். 2007இல் இறுதித் தீர்ப்பு. 2013இல் அது அரசிதழில் ஏறிற்று. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அவ்வாண்டு ஜூனில் காவிரி மேலாண்மை ஆணையம். 1974 முதல் 2018 வரை 44 ஆண்டுகள்! கெடுவுக்கு முந்தைய பத்தாண்டில் செய்யத் தவறிய வேலையை, கெடுவுக்குப் பிந்தைய நாற்பத்து நான்கு ஆண்டுகளில் வழக்காகச் செய்தோம். இடையில் எத்தனை குறுவை கருகிற்று, எத்தனை உழவர் கடனாளியாயினர் என்பதை எந்தத் தீர்ப்பின் பக்கமும் கூறாது.

இவ்விடத்தே ஒன்றை அழுத்திச் சொல்வோம். மண்டியாவிலே கரும்பு நட்டுக் காத்திருக்கும் கன்னட உழவன் நம் பகைவனல்லன். அவனும் கால்வாயின் கடைசியில் நின்று வானம் பார்ப்பவன். அவனையும் தஞ்சை உழவனையும் மோதவிட்டது ஆறு அன்று. காலத்தே கணக்குப் போடாத ஆட்சிகள்.

மற்றொரு 1924

காவிரி ஒப்பந்தம் கையெழுத்தான அதே 1924இல், சென்னைச் சட்டமன்றத்தில் வேறொரு தண்ணீர்ப் பிரச்சினை எழுந்தது. ஆகஸ்டு மாதம் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலைகளிலும், பொதுக் கிணறுகளிலும் குளங்களிலும் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தடையில்லை என்பது அதன் கருத்து. நீதிக்கட்சி ஆட்சியில் அது நிறைவேறி, செப்டம்பரில் அரசாணையாயிற்று. மூன்றாண்டு கழித்து, 1927 மார்ச்சில், மகாத் நகரின் சவுதார் குளத்தில் ஒரு கை நீரை அள்ளிப் பருகுவதற்கு அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டிச் செல்ல வேண்டியிருந்தது.

முதல் தாளிலே டி.எம்.சி. கணக்கு, இரண்டாவது தாளிலே குடத்தின் கணக்கு. முதல் தாளுக்காக அரசுகள் ஒரு நூற்றாண்டாய் வழக்காடுகின்றன. இரண்டாவது தாளை நிறைவேற்ற அத்தனை வேகம் எங்கே? 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது கண்டறியப்பட்டது. அரசாணை பிறந்து 98 ஆண்டுகளுக்குப் பிறகு!

இது நீர்த் திட்டத்துக்குப் புறம்பான பேச்சு என்று சிலர் கூறுவர். இல்லை. மாநிலத்துக்குக் கடைமடை உண்டு. அதுபோல ஊருக்கும் கடைமடை உண்டு. அதன் பெயர் சேரி. மேட்டூர் நீர் கீழைத் தஞ்சைக்கு வந்தது; நெல் விளைந்தது; விளைவித்தவர் கூலியை உயர்த்திக் கேட்டபோது, 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் தீயில் கருகினர். ஏக்கரை எண்ணிய திட்டம், ஏர் பிடித்தவனை எண்ணவில்லை. 2000ஆம் ஆண்டில் வந்த பாசன மேலாண்மைச் சட்டமும், நீர்ப் பயனாளர் சங்கத்துக்கு நில உடைமையையே அளவுகோலாகக் கொண்டது. உத்திரமேரூரின் கால் வேலி இன்னும் நம்மோடு வருகிறது. நடவு நடும் பெண்ணுக்கும், குத்தகைக்குப் பயிரிடுவோனுக்கும் நீர் பற்றி வாய் திறக்க இடமில்லாத திட்டம், காகிதத்தில் எத்தனை கன அடியைக் காட்டினாலும் கடைமடை எட்டாத திட்டமே.

2033 வருகிறது

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருவோம். 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 419 டி.எம்.சி.யிலிருந்து 404.25 ஆகக் குறைத்தது. கர்நாடகம் பிலிகுண்டுலுவில் விடவேண்டிய நீர் 192இலிருந்து 177.25 ஆயிற்று. இழந்தது 14.75. அதில் 4.75 பெங்களூரின் குடிநீருக்கு. மீதி 10? நம் டெல்டாவின் நிலத்தடியில் 20 டி.எம்.சி. நீர் இருக்கிறது, அதில் பத்தைக் கணக்கில் கொள்ளலாம் என்பது நீதிமன்றத்தின் முடிவு. நம் காலடியில் கிடந்த நீர், வழக்கிலே நமக்கு எதிரான எண்ணாக நின்றது. கரையோரத்தில் உவர் நீர் ஏறும் நிலம் எவ்வளவு, இறைக்கத் தக்க நன்னீர் எவ்வளவு என்பதை ஊர் ஊராக அளந்து, அசைக்கவொண்ணாத ஏட்டை நாமே வைத்திருப்பது எத்தனை தேவை என்பதற்கு இதைவிடப் பாடம் உண்டோ?

அந்தத் தீர்ப்பே மற்றொன்றையும் கூறியது. இந்தப் பங்கீடு 15 ஆண்டுகளுக்கு நிலைத்திருக்கும் என்பது அது. 2018உடன் 15ஐக் கூட்டிப் பாருங்கள். 2033! அன்று 1974, நாளை 2033. மீண்டும் ஒரு கெடு, மீண்டும் முன்னறிவிப்போடு!

இந்தக் கெடுவுக்குள் ஆகவேண்டியவை தெளிவானவை. முதலாவது, பற்றாக்குறை ஆண்டின் விதி. வறட்சியில் எல்லா மாநிலங்களின் பங்கும் விகிதப்படி குறையும் என்றது நடுவர் மன்றம். ஆனால் 2023இல் பருவம் பொய்த்தபோது, வினாடிக்கு 5000 கன அடி விடுக என்று ஆணையம் கூறிய ஒவ்வொரு பதினைந்து நாளும் போராட்டமாயிற்று. விகிதத்தை நாள் கணக்கில், அணை மட்டக் கணக்கில் எழுதி, இரு தரப்பும் மழைக்காலத்திலேயே ஒப்பவேண்டும். பசித்த பின் பந்தியில் விதி எழுத முடியாது.

இரண்டாவது, நம் வீட்டு வேலை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. அவற்றின் வரத்துக் கால்வாய்களும் கலிங்குகளும் கரைகளும் யாருடைய தீர்ப்புக்காகக் காத்திருக்கின்றன? தீர்ப்பு வந்த அதே 2018இல், ஆகஸ்டு வெள்ளத்தில், முக்கொம்பு மேலணையின் கொள்ளிட மதகுகள் சில உடைந்து அடித்துச் செல்லப்பட்டன. காட்டன் கட்டியதைக் காக்கும் வேலைகூட நம்முடையதே. அதற்குக் கர்நாடகத்தின் இசைவு வேண்டியதில்லை.

மூன்றாவது, எண்ணப்படாதவரை எண்ணுதல். ஒவ்வொரு பாசன அமைப்பிலும் உழைப்பவருக்கும் பெண்களுக்கும் வாக்கு; ஒவ்வொரு ஊர்க் குடிநீர்த் திட்டத்திலும், குழாய் முதலில் சேரிக்கு. கடைமடையிலிருந்து தொடங்கி மேலே வரைந்தால், இடையிலே இருப்போர் யாரும் விடுபடமாட்டார்கள்.

இவையெல்லாம் அமைச்சர் வேலை, பொறியாளர் வேலை என்று இருந்துவிடலாமா? அன்று 1974ஐ நோக்கிய ஆண்டுகளில் அப்படித்தான் இருந்தோம். ஒவ்வொரு படிப்பகத்திலும் அந்த வட்டாரத்து ஏரி, கால்வாய், கிணறு இவற்றின் பட்டியல் ஒன்று இருக்கட்டும். எந்த மடை எந்நாளில் திறந்தது, எந்தத் தெருவுக்கு நீர் வரவில்லை, எந்தக் கிணற்றில் உப்பு ஏறிற்று என்று அதிலே எழுதி வருவோம். கூட்டம் போட்டுக் கைதட்டல் பெறும் பணியன்று. ஆண்டுக்கணக்கில் ஓசையின்றிச் செய்யும் பணி. ஆனால் கெடுநாளன்று மன்றத்தின் மேசைமீது வைக்கத் தக்கது அந்த ஏடுதான், முழக்கமன்று.

இன்று பள்ளியில் நம் எதிரே, பத்து பதினோரு அகவைப் பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றனர். நாட்டுப் படத்திலே குடகிலிருந்து பூம்புகார்வரை நீலக் கோடு இழுக்கக் கற்றுக்கொண்டிருக்கின்றனர். 2033ஐ ஒட்டி அவர்கள் வாக்குச் சாவடிக்குச் செல்லும் அகவை எய்துவார்கள். "கெடு வருவது உங்களுக்குத் தெரியாதா? என்ன ஆயத்தம் செய்தீர்கள்?" என்று அவர்கள் கேட்பார்கள். தெரியாது என்று சொல்ல நமக்கு வழியில்லை. இதோ, தெரிந்துகொண்டோம். இனிச் செய்வோம்!